வன்னியில் எங்கள் பார்க்: போகலாமா, எப்போது போகலாம்?

ஆனி மாதம் பிறந்தால் வெளிநாட்டிலிருந்து எனக்கு ஒரே கேள்வி வரும். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளும் கேட்பாள், பாரிஸில் இருக்கும் தம்பியும் கேட்பான்: "அந்தப் பார்க் இப்ப எப்படி? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?" முந்தைய வருடங்களில் கொஞ்சம் இழுத்துத்தான் பதில் சொன்னேன். இந்த முறை யோசிக்காமல் சொல்கிறேன், போகலாம். ஆனால் எந்த நாளில் போவது, எதைப் பார்த்துப் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ராட்டினமும் நீச்சல் தடாகமும் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்கா அது, பெயர் போடாமல் "பார்க்" என்றே எழுதுகிறேன். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியை விட்டு உள்ளே திரும்பும் கிரவல் பாதை என்றால் இங்குள்ளவர்களுக்கு விளங்கும். நான் முன்பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். வீட்டோடும் போயிருக்கிறேன், முன்பள்ளிச் சிறுவர்களை வரிசையாகக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். திறந்த காலத்திலிருந்து இன்றுவரை அதன் பேர் ஏறியதையும் இறங்கியதையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இந்த இடம் வருவதற்கு முன் எங்கள் பிள்ளைகளுக்கு வெளியே போவது என்றால் என்ன? முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவது. இரணைமடுக் குளக்கட்டில் காற்று வாங்குவது. முல்லைத்தீவுக் கடற்கரை. வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குப் போனால் கடைத்தெருவில் ஒரு ராட்டினம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் போகவேண்டும். பள்ளிச் சுற்றுலாவில் இரவிரவாக பஸ்ஸில் போய், தெகிவளை மிருகக்காட்சிசாலையைத் தூக்கக் கண்ணோடு பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். போரால் 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்ததே 2013 செப்டெம்பரில்தான். யாழ்ப்பாணம் போய்ச் சேர 2014 ஒக்டோபர் ஆனது. இடையில் ஒரு தலைமுறையே ராட்டினத்தில் ஏறாமல் வளர்ந்துவிட்டது.

அதனால் பார்க் திறந்தபோது பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் ஆசையோடு வந்தார்கள். லான்ட்மாஸ்ரர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் பாய் விரித்து, அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை ஏற்றிக்கொண்டு விசுவமடுவிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் வந்த குடும்பங்களை வாசலில் பார்த்திருக்கிறேன். ஆடும் கப்பலில் ஏறிய நாற்பது வயதுத் தாய்மார் சத்தம் போட்டுச் சிரித்ததை அவர்களுடைய பிள்ளைகள் கீழே நின்று வாய் பிளந்து பார்த்தார்கள். அந்த முதல் வருடத்துப் பேர் விளம்பரத்தால் வந்ததல்ல. சனம் தானாக வாய் வழியே கொண்டுபோய்ச் சேர்த்த பேர் அது.

பிறகு இறக்கம் தொடங்கியது. முதல் அடிகளுக்கு நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கூட்டம் கூடும் இடம் என்றாலே சனம் பயந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 வந்ததும் எரிபொருள் இல்லை. அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். அந்த அளவை வைத்துக்கொண்டு யார் பிள்ளைகளை விளையாடக் கூட்டிப் போவார்கள்? மருத்துவமனைக்கும் வயலுக்கும் போகவே காணாது.

அப்புறம் மின்கட்டணம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் கூட்டினார்கள். மோட்டாரில் ஓடும் பெரிய விளையாட்டுகளுக்கு அது எவ்வளவு பாரம் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பாரத்தை அவர்கள் சனத்தின் மேல் இறக்கிய விதம்தான் பேரைக் கெடுத்தது. முன்பு ஒரு ரிக்கெற் எடுத்தால் எல்லாவற்றிலும் ஏறலாம். பிறகு வாசலுக்கு ஒரு காசு, உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. அதையாவது வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கலாம், போடவில்லை. மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு தகப்பன், டிராகன் ரயிலடியில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சின்னவன் மட்டும் ஏறட்டும்" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். மற்ற இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒரு பொழுதுபோக்கு இடம் ஒரு தகப்பனை அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அதே காலத்தில்தான் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை போட்டார்கள். வாசலில் பையைத் திறந்து சோற்றுப் பார்சலை எடுத்து வைத்துவிடுவார்கள். உள்ளே கொத்தும் ரோல்ஸும் கொழும்பு விலையில். ஊர்ச் சனத்துக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. எங்கள் ஆட்கள் பத்துப் பேராகத்தான் வெளிக்கிடுவார்கள். விடிய எழும்பிச் சமைத்து, வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்து, மரத்தடியில் வட்டமாக இருந்து சாப்பிட்டால்தான் அது பயணம். அதை வாசலிலேயே பறித்தால் மிச்சத்தில் என்ன சந்தோஷம் இருக்கும்?

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் பாரிஸ் டிஸ்னிலாண்டின் கதையைச் சொன்னான். அது 1992 ஏப்ரலில் 'யூரோ டிஸ்னி' என்ற பேரில் திறந்தது. உலகமே அறிந்த நிறுவனம், ஆனால் எதிர்பார்த்த சனம் வரவில்லை, நட்டத்தில் ஓடியது. சாப்பாட்டோடு வைன் குடிக்கிற நாட்டில் பூங்காவுக்குள் மதுவே இல்லை என்று வைத்திருந்தார்கள். 1993இல் அந்தத் தடையை எடுத்தார்கள், 1994இல் பேரை மாற்றினார்கள், 1995இல் கட்டணத்தைக் குறைத்து 'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற புதிய விளையாட்டையும் திறந்தார்கள். அந்த வருடம்தான் முதன்முதலாக இலாபம் பார்த்தார்கள். அவ்வளவு பணமும் அனுபவமும் உள்ளவர்களுக்கே, வருகிற சனம் எப்படிச் சாப்பிடும் என்பதைப் பார்த்து நடக்கவேண்டி வந்திருக்கிறது.

எங்கள் பார்க்கிலும் திருப்பம் சாப்பாட்டில்தான் வந்தது. புதிய மேலாளர் ஒருவர் வந்து, குளத்துப் பக்கமாக நின்ற மருத மரங்களின் கீழே நீளமாக ஒரு கிடுகுக் கொட்டில் போட்டார். இரண்டு பக்கமும் கொங்கிறீற் வாங்கு, கை கழுவ ஐந்தாறு குழாய், பக்கத்தில் குடிதண்ணீர். வீட்டுச் சாப்பாடு கொண்டு வருபவர்கள் அங்கே இருந்து சாப்பிடலாம். அவ்வளவுதான் செய்தார், லான்ட்மாஸ்ரர்கள் திரும்பி வந்தன. உள்ளே இருக்கும் கடையிலும் வியாபாரம் குறையவில்லை. சோறு வீட்டிலிருந்து வந்தாலும் ஐஸ்கிரீமும் சோடாவும் அங்கேதானே வாங்கவேண்டும். வாசல் பலகையில் இப்போது எல்லா விலையும் பெரிதாக எழுதியிருக்கிறது. எல்லாம் சேர்ந்த ரிக்கெற்றும் திரும்பி வந்துவிட்டது.

நீச்சல் தடாகத்தைப் பற்றி விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் சனம் அதிகம் கேட்பதும் அதைத்தான், நான் அதிகம் கவனித்ததும் அதைத்தான். எங்கள் பகுதிக் கிணற்றுத் தண்ணீர் கல்சியம் கூடியது, கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீர் சறுக்கிகளின் மூட்டுகளில் காய்ந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்து, அரத்தாள் போல ஆகிவிடும். கெட்ட காலத்தில் என் மகளின் முழங்கையை உரித்தது அந்தப் படிவுதான். இப்போது திங்கட்கிழமைகளில் தடாகத்தை மூடிச் சுரண்டிக் கழுவுகிறார்கள். போன முறை விரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுப்பாக இருந்தது.

குளோரின் மணம் தூக்கலாக அடித்தால் தண்ணீர் நல்ல சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை மறுபக்கம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உருவாகும் பொருள்தான் அப்படி மூக்கில் ஏறி, கண்ணையும் எரிக்கும். அந்த மணம் வந்தால் ஆட்கள் கூடி, தண்ணீர் களைத்துவிட்டது என்று அர்த்தம். குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரையும் இருந்தால் மணம் பெரிதாகத் தெரியாது. தடாகத்தடியில் வேலை செய்யும் பொடியன் காலையில் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு வருகிறது என்று அட்டையோடு ஒப்பிடுவான். கேட்டால் காட்டுவான். கேளுங்கள். ஓகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனால் கேட்கவே தேவையில்லை, வாசலிலேயே மணம் சொல்லும். அன்று பிள்ளையை இறக்காதீர்கள்.

இன்னொன்று. எங்கள் ஊரில் செயற்கைக்காலோடு வாழும் தகப்பன்மார் நிறையப் பேர். திறந்த காலத்தில் உள்பாதை முழுக்கப் பருக்கைக் கல். எங்கள் முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் தகப்பன் கேட்டிலிருந்து சிறுவர் பகுதி வரை நடந்து போவதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டார். டிராகன் ரயிலில் ஏறப் போனபோது அங்கு நின்ற பொடியன் பலருக்கு முன்னால், "உங்களுக்கு ஏலாது, இறங்குங்கோ" என்றான். அவர் மகளை மட்டும் இருத்திவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் குடும்பம் பார்க் பக்கம் வரவில்லை.

போன சித்திரை விடுமுறையில் அவர்களை மறுபடி அங்கே கண்டேன். பாதைக்குக் கொங்கிறீற் கல் பதித்திருக்கிறார்கள். ரயிலில் முன் பெட்டி ஒன்றின் படியை அகலமாக்கி, பிடிக்கக் கம்பி வைத்திருக்கிறார்கள். அதே தகப்பன் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். இயக்குகிற பிள்ளை ஒவ்வொரு பெட்டியாக வந்து மடிக்கம்பியை இரண்டு தரம் மேலே இழுத்துப் பார்த்தாள். அவரிடம் வந்ததும், "அண்ணை, கால் நல்லா உள்ளுக்க இருக்கோ?" என்று கேட்டாள், மற்றவர்களிடம் கேட்டது போலவே. அவர் தலையாட்டினார். வண்டி கிளம்பியது. பார்க் திருந்திவிட்டது என்று இன்று நான் தயங்காமல் சொல்வதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய ராட்டினம் மாதக்கணக்காக நிற்கிறது. கேட்டால், "சாமான் கொழும்பிலயிருந்து வரோணும் அக்கா" என்கிறார்கள். பழுதோடு ஓட்டாமல் நிறுத்தி வைத்திருப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் விளம்பரப் படத்தில் இன்னும் அது சுற்றுகிறதே, அதை எடுக்கவேண்டும். பெண்கள் மலசலகூடம் காலையில் நன்றாக இருக்கும், மூன்று மணிக்குப் பிறகு தண்ணீர் மெலிந்துவிடும். நிழல் குளத்துப் பக்கம்தான் இருக்கிறது. விளையாட்டுகள் நிற்கும் நடுவில் நட்ட வேம்புகள் இப்போதுதான் ஆளுயரம், பங்குனி சித்திரை வெயிலில் அங்கே வரிசையில் நிற்பது கஷ்டம்.

கூகுள் வரைபடத்தில் காட்டும் நட்சத்திரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அது எல்லா வருடத்தையும் கூட்டிக் காட்டும் சராசரி. மோசமான காலத்தில் முதல் வருடத்துப் பாராட்டு அதைத் தூக்கி வைத்திருந்தது. இப்போது மோசமான காலத்துக் கோபம் அதை இழுத்துப் பிடிக்கிறது. புதிய கருத்துகள் முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, கடைசி இரண்டு மாதத்தை மட்டும் வாசியுங்கள். அதிலும் கிழமை நாளில் போனவர்கள் எழுதியதைத் தேடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வரும் ஓகஸ்டில்தான் நல்லூர்த் திருவிழாவும் மடு மாதா கோவில் பெருநாளும் வரும், எல்லா வானும் ஏ9இல்தான் ஓடும். அந்த மாதம் பார்க் உங்கள் காசை நம்பி விலையை ஏற்றினால் கொடுத்துவிட்டுப் பேசாமல் வராதீர்கள். "ஊராக்களுக்கும் இதே விலையோ?" என்று கேளுங்கள். மிச்சப் பதினொரு மாதமும் அங்கே வரப்போவது எங்கள் பிள்ளைகள். முன்பள்ளிகளுக்குக் கொடுக்கும் கிழமை நாள் சலுகை ஒரு வருடம் நின்று, பல ஆசிரியைகள் சேர்ந்து போய்க் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தது. கேட்டால் நடக்கிறது.

மாரியில் வேண்டாம். கார்த்திகை மார்கழியில் மழை பிடித்தால் அந்தக் கிரவல் பாதை தாங்காது. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை. தை பிறந்து வயல் வெட்டத் தொடங்கும் நாட்கள் நல்லவை, வெயிலும் பதமாக இருக்கும். முடிந்தால் புதன் அல்லது வியாழன், காலை ஒன்பது மணிக்கு வாசலில் நில்லுங்கள். முதல் வேலையாக ஒருவரை அனுப்பிக் கொட்டிலில் குழாய்ப் பக்க வாங்கில் பாயை விரித்து வையுங்கள், பதினொரு மணிக்குப் பிறகு அங்கே இடம் கிடைக்காது.