வெந்நீர் அடுப்பிலிருந்து செம்பு பாய்லருக்கு: எட்டு மார்கழி அனுபவம்

சித்திரையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. வேலூரில் இருந்துகொண்டு, விறகு எரித்து வெந்நீர் போடும் பாய்லரைப் பற்றி எழுதுகிறாயா என்று சிரிப்பவர்கள், அதே தொட்டித் தண்ணீரில் மார்கழி விடியற்காலை ஒரு சொம்பு ஊற்றிப் பார்க்கட்டும். அம்மாவுக்கு மூட்டுவலி வேறு.

காட்பாடிப் பக்கத்து வீடு இது. பின்கட்டில் மூன்று கல், மேலே பித்தளை அண்டா. அதுதான் எங்கள் வெந்நீர் அடுப்பு. நெருப்பில் பாதி காற்றோடு போகும், மீதிதான் அண்டாவுக்கு. நடுவில் கரண்ட் கெய்சர் வாங்கினோம். எங்கள் போர் தண்ணீர் சரியான உப்பு. ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு பூத்து இரண்டு தடவை எரிந்தது. இரண்டு கிலோவாட் கெய்சரை நாலு பேருக்கு ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டும் எந்த மூலைக்கு?

2016 ஆடியில் பழைய அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டு, லாங்கு பஜாரில் 40 லிட்டர் செம்பு பாய்லர் எடுத்தேன். செம்பும் எடைக்குத்தான் விலை, அதனால் தகட்டைத் தட்டிப் பார்த்து, கனமானதாக எடுங்கள். குழாய் வைத்த பாய்லர், ஊற்றும் பாய்லர் என்று இரண்டு வகை உண்டு. நான் எடுத்தது ஊற்றுவது. புனலில் ஒரு குடம் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அது அடியில் இறங்கி, மேலே நிற்கும் சூடான தண்ணீரை மூக்கு வழியாக வெளியே தள்ளும். எப்போதும் நிறைந்தே இருப்பதால் வெறும் பாய்லரில் தீ எரியும் ஆபத்து குறைவு. குழாய் வகையில் கடைசியாகக் குளிப்பவர் தண்ணீரை வடித்துவிட்டுப் போவார், கீழே தணல் இருக்கும், தகடுகளை இணைத்துப் பத்தவைத்த இடம் விட்டு ஒழுக ஆரம்பிக்கும். என் மாமா வீட்டில் அப்படித்தான் ஆனது. எந்த வகையானாலும் மேல் வாயை இறுக மூடாதீர்கள், ஆவி போக வழி வேண்டும்.

நடுவில் ஓடும் புகைக்குழாயைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால், வீணாகிற சூடும் தண்ணீருக்கே போகிறது. மூன்று கல்லுக்கு எரித்த விறகில் பாதி போதும். காய்ந்த வேலிகாத்தான் விறகு ஒன்றரைக் கிலோ, பற்றவைக்கக் கொஞ்சம் தென்னம்பாளை, அவ்வளவுதான்.

ஆனால் பாய்லரைத் தேடித்தேடி வாங்கிய நான் புகைபோக்கியைக் கவனிக்கவில்லை. கடையில் கொடுத்த குட்டைக் குழாய் தகரக் கூரைக்குக் கீழேயே நின்றது. ஆடி ஆவணியில் மேல்காற்று புகையைத் தோட்டத்துப் பக்கம் தள்ளியதால் ஒன்றும் தெரியவில்லை. கார்த்திகையில் வாடை திரும்பியதும் புகை மொத்தமும் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் போனது. “ஏம்பா, நீங்க குளிக்கிறதுக்கு நாங்க அழணுமா?” என்றார் அந்த அக்கா. நியாயம்தானே.

கூரையை வெட்டி, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் நாலடிக் குழாய் அடித்து, கைப்பிடிச் சுவருக்கு இரண்டடி மேலே ஏற்றி, மழைக்கு ஒரு கூம்பு மூடி போட்டேன். புகை உயரப் போனது மட்டுமில்லை, தீயே வேறு மாதிரி எரிந்தது. குழாய் உயர உயர, உள்ளே இருக்கும் சூடான காற்று மேலே ஏறி, கீழிருந்து புதுக்காற்றை இழுக்கிறது. ஊதாங்குழலுக்கு அன்றோடு ஓய்வு. பாய்லருக்குச் செலவழித்ததில் ஒரு சின்னப் பங்குதான் இது. முதல் நாளே செய்திருக்கலாம்.

ஈர விறகு போட்டால் குழாய்க்குள் கரிப்பிசின் ஒட்டும். மாதம் ஒருமுறை தேங்காய்நார்ச் சுருணையைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இழுத்துவிடுவேன். உள்ளே படியும் உப்புக்கு வருடம் ஒருமுறை எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவிட்டு அலசுவது. வெளியே புளியும் சாம்பலும். அதை அம்மா விட்டுக்கொடுப்பதில்லை.

சிலர் வசதிக்காகப் பாய்லரைக் குளியலறைக்குள்ளேயே வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் தணலின் நச்சுக்காற்று வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

எட்டு வருடத்தில் பாய்லரில் ஒழுகல் இல்லை. அடியிலுள்ள கம்பித்தட்டுதான் இரண்டு முறை எரிந்து வளைந்தது. மூன்றாவதாகப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த வார்ப்பிரும்புச் சாக்கடை மூடியை அளவுக்கு அறுத்துப் போட்டிருக்கிறேன். இப்போதைக்கு அசையாமல் நிற்கிறது.