ஸ்கூல் படிப்பா, சொந்தப் படிப்பா: விவாதத்துல எது கை கொடுக்கும்?

ஒரு விஷயத்தைப் பத்தி நாலு பேர் முன்னாடி பேசணும், எதிர்ல இருக்கவர் மடக்கிக் கேட்டா தடுமாறாம பதில் சொல்லணும், அவர் சொல்றதுல நியாயம் இருந்தா ஒத்துக்கவும் தெரியணும். இதுக்கு நம்மளை யார் தயார் பண்றா, வகுப்புல உக்காந்து படிச்ச படிப்பா இல்ல நாமளே தேடிப் படிச்சதா? வேலைக்கு எது நல்லது, சம்பளத்துக்கு எது நல்லதுங்கிறதெல்லாம் வேற கணக்கு, அதை இங்க எடுக்கல.

நான் டிகிரில புள்ளியியல் பேப்பர் எழுதி நல்ல மார்க் எடுத்தவன். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டான், அதுக்கப்புறம் அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் அவனே படிச்சதுதான். ஒரு நாள் பேச்சுவாக்குல 1995ல பிரிட்டன்ல நடந்த மாத்திரை விவகாரம் வந்துச்சு. சில புது வகை கருத்தடை மாத்திரைகளால ரத்தம் உறையற ஆபத்து ரெண்டு மடங்கு ஆகுதுன்னு அங்க மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரிக்கை விட்டுச்சு, நிறைய பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்திட்டாங்க. நான் "ரெண்டு மடங்குன்னா நிறுத்தத்தானே செய்வாங்க"ன்னு சொன்னேன். அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்: "எத்தனை பேருக்குடா வந்துட்டு இருந்துச்சு, இப்ப எத்தனை பேருக்கு?"

தேடிப் பாத்தா 7,000 பேர்ல ஒருத்தருக்கு வந்துட்டு இருந்தது ரெண்டு பேருக்கு ஆகியிருக்கு, அவ்வளவுதான். ஆனா அந்த பயத்தால அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல கருக்கலைப்பு கிட்டத்தட்ட 13,000 கூடிடுச்சுன்னு மதிப்பிட்டிருக்காங்க, இத்தனைக்கும் கர்ப்பமா இருக்கும்போது ரத்தம் உறையற ஆபத்து அந்த மாத்திரையால வர்றதை விட அதிகம்.

எனக்கு இதுல உறைச்சது என்னன்னா, சதவீதக் கணக்கு எனக்குத் தெரியாம இல்ல, பேப்பர்ல குடுத்தா ரெண்டு நிமிஷத்துல போட்டிருப்பேன். ஆனா பரீட்சைல தேவையான எண் எல்லாத்தையும் கேள்வியிலயே குடுத்துடுவாங்க, அதனால இல்லாத எண்ணை "அது எங்க"ன்னு கேக்குற பழக்கமே எனக்கு வரல. விவாதத்துல முக்கால்வாசி அந்த ஒரு கேள்விலதான் இருக்கு. தானா படிக்கிறவனுக்கு யாரும் எதையும் எடுத்துக் குடுக்கறதில்ல, அவனே தேடித் தேடி அந்தப் பழக்கம் கைல வந்துடுது.

சரி அப்ப சொந்தப் படிப்புதான் ஒசத்தின்னு முடிச்சிடலாமான்னா, அதே ஃப்ரெண்ட் கதையோட மறுபாதியையும் சொல்லணும். குறைந்தபட்சக் கூலியை ஏத்தினா வேலை போயிடும்னு அவன் ஒரு வருஷமா படிச்சு வச்சிருந்தான், நல்லாவே பேசுவான். ஒரு தடவை பொருளாதாரம் ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு ரொம்ப சாதாரணமா கேட்டா, "அப்ப கார்டும் க்ரூகரும் பண்ண ஆய்வுக்கு என்னண்ணா சொல்றீங்க?" 1992ல அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலம் கூலியை மணிக்கு 4.25 டாலர்லேர்ந்து 5.05 டாலருக்கு ஏத்துச்சு, பக்கத்து பென்சில்வேனியால ஏத்தல, ரெண்டு பக்கமும் இருந்த 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை ஒப்பிட்டுப் பாத்தா நியூ ஜெர்சில வேலை குறைஞ்ச மாதிரி தெரியலன்னு 1994ல எழுதினாங்க. இவன் அந்தப் பேரையே கேட்டதில்ல. இதுல இன்னும் வருத்தம் என்னன்னா, அந்த ஆய்வை மறுத்து நியூமார்க்கும் வாஷரும் சம்பளப் பட்டியல் தரவை வச்சு 2000ல எழுதினாங்க, அது இவன் பக்கத்துக்கே சாதகமான வாதம், அதுவும் இவனுக்குத் தெரியல. அவளுக்கு ரெண்டுமே தெரிஞ்சிருந்துச்சு, ஏன்னா பாடத்துல ரெண்டும் இருந்துச்சு.

வகுப்பு குடுக்கற பெரிய சொத்து இதுதான்னு நான் நினைக்கிறேன். தகவல் எங்க வேணா கிடைக்கும், ஆனா ஒரு துறைல யாரு யாரோட எதுக்காக சண்டை போட்டாங்க, சண்டை எங்க வந்து நிக்குதுங்கிற வரைபடம் தனியா படிக்கிறவனுக்கு சுலபத்துல கிடைக்காது. பிடிச்ச புத்தகம் அடுத்த பிடிச்ச புத்தகத்தைத்தான் காட்டும். சட்டக் கல்லூரில மூட் கோர்ட்னு பயிற்சிக்காக ஒரு மாதிரி வழக்கு வைப்பாங்க, எந்தப் பக்கம் குடுக்கறாங்களோ அந்தப் பக்கம்தான் வாதாடணும், மனசுக்குப் பிடிக்காத பக்கத்துக்கும் ராத்திரி முழிச்சு ஆதாரம் தேடணும். எல்லாப் படிப்புலயும் இதை வச்சா என்னன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம், பெரும்பாலான வகுப்புல ஒரு சரியான விடை, அதை எழுது, மார்க் வாங்கு, அதோட சரி.

பட்டம் கவசம்னும் நம்ப முடியாது. லைனஸ் பாலிங் 1954ல வேதியியலுக்கும் 1962ல அமைதிக்கும் நோபல் வாங்கினவர், அவரே 1970ல வைட்டமின் சி நிறைய சாப்பிட்டா சளி வராதுன்னு புத்தகம் போட்டார், பின்னாடி நடந்த சோதனைகள்ல பொதுவா மக்களுக்கு அது சளி வர்றதைத் தடுக்கலன்னுதான் வந்துச்சு.

சொந்தப் படிப்புக்கு உதாரணம்னா எல்லாரும் ஆப்ரகாம் லிங்கனைச் சொல்லுவாங்க, மொத்தமா ஒரு வருஷம் கூட பள்ளிக்கூடம் போகாதவர், 1858ல தேர்தல்ல எதிர்த்து நின்ன டக்ளஸோட ஏழு இடத்துல விவாதம் பண்ணினார், முதல்ல பேசறவருக்கு ஒரு மணி நேரம், அடுத்தவருக்கு ஒன்றரை மணி, மறுபடி முதல் ஆளுக்கு அரை மணி. ஆனா அவர் அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா வக்கீலா இருந்தார்ங்கிறதை விட்டுடுவாங்க, கோர்ட்ல தினம் எதிர்ல ஒருத்தர் நின்னு மறுத்துட்டே இருந்திருக்கார். அமெரிக்காவுல கறுப்பின மக்கள் உரிமைக்காகப் பேசின மால்கம் எக்ஸ் எட்டாவதோட நின்னவர், ஜெயில்ல அகராதியை எடுத்துப் பக்கம் பக்கமா எழுதிப் படிச்சார், அதே ஜெயில்ல விவாதக் கூட்டமும் நடந்துச்சு, அதுல பேசிப் பழகினவர்தான் 1964 டிசம்பர்ல ஆக்ஸ்ஃபோர்ட் யூனியன்ங்கிற பேர்பெற்ற விவாத மன்றத்தோட மேடை ஏறினார். பெஞ்சமின் ஃப்ராங்க்ளினுக்கு ரெண்டு வருஷப் படிப்பு, 1727ல அவரே ஆள் சேத்து ஜன்டோன்னு வாராவாரம் கூடி விவாதிக்கற கூட்டம் ஆரம்பிச்சார்.

இவங்க யாரும் தனியா ரூமுக்குள்ள உக்காந்து மட்டும் படிக்கல பாருங்க. தப்புன்னு சொல்ல ஆள் இருந்துச்சு. ராமானுஜனை எடுத்துக்கங்க, தானா படிச்சதுல அவ்வளவு தூரம் போனவர், 1913ல கேம்பிரிட்ஜ்ல இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதின கடிதத்துல பகா எண்களைப் பத்தி அவர் சொன்ன சிலது தப்பா இருந்துச்சு, அது தப்புன்னு கேம்பிரிட்ஜ்லேர்ந்து பதில் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த மூளைக்கே அது தேவைப்பட்டிருக்கு.

அதனால ரெண்டுல ஒண்ணு எடுன்னா, விவாதத்துக்கு மட்டும்னா, நான் சொந்தப் படிப்பைத்தான் எடுப்பேன், ஆனா மறுத்துப் பேச ஒரு ஆள் கூட இருக்கணும்ங்கிற நிபந்தனையோட. அந்த ஆள் இல்லன்னா கண்ணை மூடிட்டு காலேஜ்க்குப் போங்கன்னுதான் சொல்லுவேன், அங்க ஒரு வாத்தியாராவது "இது தப்பு"ன்னு சிவப்பு மையில எழுதுவாரு. டார்வின் தன் கருத்துக்கு எதிரா ஏதாவது கண்ல பட்டா உடனே எழுதி வச்சுக்குவாராம், சாதகமானதை விட அதுதான் சீக்கிரம் மறந்து போகுதுன்னு சொல்லியிருக்கார். நம்மளாலயும் முடியும்தான், ஆனா தனியா செய்யறது ரொம்ப கஷ்டம்.

இப்ப நானும் ஃப்ரெண்டும் பக்கம் மாத்திப் பேசறோம். போன வாரம் கூலியை ஏத்தணும்னு அவன் ஒரு மணி நேரம் வாதாடினான், கூடாதுன்னு நான். ஒரு சின்ன ஊர்ல ஒரே ஒரு பெரிய முதலாளிதான் இருக்கார், வேற வேலைக்குப் போக வழியில்ல, அங்க கூலியை ஏத்தினா ஏன் வேலை குறையணும்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல, இந்த வாரம் அதைத்தான் படிச்சிட்டிருக்கேன்.