கடலோரப் பட்டறையில் வாட்டர் கூல்டு டிக் டார்ச்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

டிக் வெல்டிங்கில் (ஆர்கான் வாயு மறைப்பில் டங்ஸ்டன் ஊசியால் செய்யும் வெல்டிங்) தண்ணீர் ஓடிக் குளிரவைக்கும் கைப்பிடிதான் வாட்டர் கூல்டு டார்ச். எஸ்.எஸ். பைப், 2 மி.மீ. தகடு என்று 120 ஆம்பியருக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு இது வீண் செலவு. காற்றிலேயே குளிரும் ஏர் கூல்டு 26 நம்பர் டார்ச் போதும். அலுமினியத்தை ஏ.சி.யில் 150 ஆம்பியருக்கு மேல் விடாமல் ஓட்டினால்தான் கைப்பிடி பிடிக்க முடியாமல் சுடும். அப்போது 20 நம்பர் டார்ச் (250 ஆம்பியர்) சரி. 18 நம்பர் 350 வரை தாங்கும், ஆனால் தலை பெரிது, மூலைகளில் நுழையாது. சேதராப்பட்டு, கடலூர் சிப்காட் பக்கத்துச் சில்லறை வேலைகளுக்கு 20 தாராளம்.

டார்ச்சிலிருந்து மூன்று ஹோஸ் வரும்: ஆர்கான், உள்ளே போகும் தண்ணீர், பவர் கேபிளும் திரும்பும் தண்ணீரும் ஒன்றாக இருப்பது. அந்தக் கேபிள் மெல்லியது. தண்ணீர் ஓடுவதால் மட்டுமே தாங்குகிறது. பம்ப் நின்றபின் ஆர்க் தொடர்ந்தால் ஹோஸ் உருகிவிடும். பம்ப்பிலிருந்து வரும் தண்ணீர் முதலில் டார்ச் தலைக்கு, பிறகு கேபிள் வழியாக ரேடியேட்டருக்கு, கடைசியில் டேங்குக்கு. தண்ணீர் நட் இடமரை (இடப்பக்கம் திருப்பினால் இறுகும்), ஆர்கான் நட் வலமரை. ஏறவில்லை என்றால் ஸ்பேனரால் முறுக்காதீர்கள்.

மெஷினை அணைத்துவிட்டு, டேங்கில் விழும் ரிட்டர்ன் ஹோஸை அளவு ஜாடியில் விட்டு பம்பை மட்டும் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் வர வேண்டும். அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. தண்ணீர் ஓட்டம் நின்றால் இணைப்பைத் துண்டிக்கும் ஃப்ளோ சுவிட்சை டார்ச் சுவிட்ச் வயரோடு சீரியஸில் போடலாம். ஆனால் 4டி (4T) மோடில், அதாவது ஒருமுறை அழுத்தி விட்டால் ஆர்க் ஓடிக்கொண்டே இருக்கும் முறையில், ஆர்க் ஓடும்போது டார்ச் சுவிட்ச் விட்ட நிலையில்தான் இருக்கும், அதனால் அங்கே இது காப்பாற்றாது. சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் ஆர்க் ஓடும் 2டியில் (2T) மட்டும் நம்புங்கள்.

நம் ஊரில் பம்பைவிட தண்ணீர்தான் வம்பு. போர் தண்ணீரின் உப்பு டார்ச் தலையின் சின்ன வழியை அடைக்கும். மின்சாரமும் கடத்துவதால், ஆர்க்கைத் தொடங்கிவைக்கும் எச்.எஃப். (உயர் அதிர்வெண் மின்சாரம்) கூலர் (பம்பும் டேங்கும் ரேடியேட்டரும் உள்ள பெட்டி) பாடிக்குக் கசிந்து ஆர்க் பிடிக்கத் திணறும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரி தண்ணீர் அல்லது வெல்டிங்குக்கென்றே விற்கும் கூலன்ட் ஊற்றுங்கள். கார் கூலன்ட் வேண்டாம். அதுவும் கடத்தும், கசிவடைக்கும் மருந்து கலந்த வகையானால் அடைப்பும் சேரும். ரேடியேட்டர் செம்பாக இருப்பது நல்லது: டார்ச் செம்பு, ரேடியேட்டர் அலுமினியம் என்றால் அலுமினியம் அரிக்கும். டேங்கில் வெளிச்சம் பட்டால் பாசி பிடித்து வடிகட்டியை அடைக்கும், கறுப்பு டேங்க் எடுங்கள்.

கோடையில் சூடு தாங்காமல் டேங்கில் ஐஸ் போடுபவர்கள் உண்டு. புதுச்சேரிக் கடற்காற்றின் ஈரத்துக்கு அது ஆகாது. குளிர்ந்த டார்ச் தலையில் நீர் வியர்க்கும், டார்ச் முனையில் ஆர்கான் வெளிவரும் கப்புக்குள் இறங்கும், அலுமினியத் தையலில் ஊசித் துளைகளும் கறுப்பும் வரும். ஐப்பசி மழையில் வெல்ட் பண்ணாத நேரம் பம்பை நிறுத்திவையுங்கள். நீண்ட வெல்டுக்குப் பிறகு மட்டும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

ரேடியேட்டர் ஃபின்களில் படியும் உப்பை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போதும். பிரஷர் வாஷர் ஃபின்களை மடக்கிவிடும்.