சென்னையில் பிளாட்டா (அடுக்குமாடி வீடு), நாகர்கோவிலில் வீடா?

சென்னையில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதே குழப்பம்தான்.

விலை: அங்கே சதுர அடிக் கணக்கு, இங்கே சென்ட் கணக்கு (1 சென்ட் 435.6 சதுர அடி). அங்கே பிளாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே தென்னை நிற்கும் மனையும் வீடும் ஆகிவிடும்.

நிலம்: பிளாட்டில் கிடைப்பது பிரிபடாத பங்கு மட்டும், அதாவது கட்டடம் நிற்கும் மண்ணில் எல்லா வீட்டுக்காரர்களோடும் சேர்ந்த ஒரு பங்கு. இங்கே மண் முழுக்க நமக்கு.

பராமரிப்பு: அங்கே மாதச் சந்தா கட்டினால் முடிந்தது. இங்கே இரண்டு பருவமழையும் உண்டே! பூட்டிக் கிடந்தால் சுவரெல்லாம் பாசி, கதவெல்லாம் கறையான். அப்பா அம்மா குடியிருந்தால் சரி. வாடகைக்கு விட்டாலும் பெரிதாக வராது.

பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்களா? பிளாட். பத்து வருடத்தில் ஊர் திரும்புவீர்களா? அங்கே வாடகை, இங்கே மனை. கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம்.