மாம்பழ மஞ்சளில் தொடங்கிய நான்கு வருடம்: சிஎம்ஒய்கே டிசைனும் என் 64 அங்குல மெஷினும்

பேனர் அச்சடிக்கும் மெஷின் என் கடையில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாங்காய் சீசன் தொடங்கும் நேரம். காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், டின்னில் ஒட்டும் லேபிளின் டிசைனைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். லேபிள் சிவகாசியில் ஆஃப்செட்டில் (தகடு வைத்து ஓட்டும் அச்சில்) அச்சாகப் போகிறது, அதற்கு முன்னால் நிறம் எப்படி வரும் என்று பார்க்க இரண்டு தாள் வேண்டும் என்றார். அடித்துக் கொடுத்தேன். வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "ஏம்பா, இது பழுத்த பழம் மாதிரி இல்லையே, பச்சை தட்டுதே" என்றார். வருடக்கணக்காகப் பெங்களூராவையும் அல்போன்சாவையும் அறுத்துப் பார்த்த கண். "மானிட்டரில் சரியாத்தான் இருக்கு அண்ணா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரி ஃபைலைத் திறந்து பார்த்தேன். அச்சுக்கான டிசைனில் ஒவ்வொரு நிறமும் சிஎம்ஒய்கே-யில், அதாவது சயான் (நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கருப்பு என்ற நான்கு மையின் சதவீதமாக இருக்கும். பழத்தின் சதைப் பகுதியில் மஞ்சள் 100, மெஜந்தா 28, சயான் 0, கருப்பு 0. சயானே இல்லை. ஆனால் அடித்த தாளில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மஞ்சளுக்கு நடுவே மணல் தூவினாற்போல் நீலப் புள்ளிகள். ஃபைலில் இல்லாத மை தாளில் எங்கிருந்து வந்தது? கிருஷ்ணகிரி பெங்களூர் ரோட்டில் இருக்கும் என் சின்னக் கடையில் அந்த ஒரு கேள்வியோடு தொடங்கியதுதான் இந்த நான்கு வருடப் பாடம்.

என்னிடம் இருப்பது 64 அங்குல அகல ஈகோ சால்வென்ட் (வீரியம் குறைந்த கரைப்பானில் கலந்த மை) இங்க்ஜெட், நான்கு மை. எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் கீழே சொல்வது எந்த மெஷினுக்கும் பொருந்தும். முதலில் நான் செய்த தப்பு, ஃபோட்டோஷாப்பிலிருந்து நேராக விண்டோஸ் டிரைவர் வழியாக அடித்தது. இந்த மாதிரி சாதாரண டிரைவர் தனக்கு வருவதை ஆர்ஜிபி (மானிட்டர் பயன்படுத்தும் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு) என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது நம் சிஎம்ஒய்கே எண்கள் முதலில் ஆர்ஜிபி ஆகி, பிறகு டிரைவர் தன் கணக்குப்படி மறுபடி நான்கு மையாகப் பிரிக்கிறது. டிசைனர் யோசித்து வைத்த 100-ம் 28-ம் முதல் வாசலிலேயே காணாமல் போய்விடுகின்றன. வெளிர் மஞ்சளில் லேசாகச் சயான் கலந்தாலே கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். நீலத்திலோ பழுப்பிலோ அதே அளவு கலந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, டிசைனை மெஷினுக்கான மைப் புள்ளிகளாக மாற்றி அனுப்பும் ரிப் மென்பொருள் வழியாக அனுப்பலாம் என்று மாறினேன். மெஷினோடு வந்ததுதான், அதுவரை பெரிய பேனரைத் துண்டு துண்டாகப் பிரிக்க மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். அதில் கலர் மேனேஜ்மென்ட்டை அணைத்துவிட்டால் எண்கள் அப்படியே மையாக இறங்கும் என்று ஒருவர் சொன்னார். இறங்கின. நீலப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆனால் மாம்பழம் இப்போது தக்காளிப் பக்கம் போய்விட்டது. கல்யாண பேனரில் மாப்பிள்ளை முகம் வெயிலில் நாள்பூரா நின்றவர் மாதிரி சிவந்திருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. மஞ்சள் 100, மெஜந்தா 28 என்பது ஒரு நிறத்தின் பெயர் இல்லை. அது ஒரு பக்குவம். குழம்புக்கு இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் என்று எழுதிவைத்தால் போதுமா? குண்டூர் மிளகாயா, காஷ்மீர் மிளகாயா என்று தெரிந்தால்தானே காரம் தெரியும். சிவகாசி ஆஃப்செட் மையும் ஆர்ட் பேப்பரும் சேர்ந்து கொடுக்கும் 28 சதவீத மெஜந்தா வேறு, என் மெஷின் வினைல்மேல் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்மேல்) விடும் 28 வேறு. எனவே இரண்டு விவரம் வேண்டும்: இந்த எண்கள் எந்த அச்சை மனதில் வைத்து எழுதப்பட்டவை, என் மெஷினில் அதே நிறம் வர எந்த எண்கள் வேண்டும். முன்னதைச் சொல்வது இன்புட் புரொஃபைல், பின்னதைச் சொல்வது அவுட்புட் புரொஃபைல். இரண்டையும் கொடுத்துவிட்டால் நடுவில் மொழிபெயர்க்கும் வேலையை ரிப் பார்த்துக்கொள்கிறது.

இன்புட் பக்கம் செலவே இல்லை, கேட்டால் போதும். ஆனால் யாரும் கேட்பதில்லை. ஃபோட்டோஷாப்பை நிறுவி எதையும் மாற்றாமல் வைத்திருந்தால் சிஎம்ஒய்கே-க்கு அமெரிக்க அச்சுக்கான வெப் கோட்டட் ஸ்வாப் வி2 என்ற புரொஃபைலே வழக்கமாக நிற்கும். எனக்கு வரும் ஃபைல்களில் பெரும்பாலும் அதுதான், அல்லது புரொஃபைலே ஒட்டாமல் வரும். அண்ணனின் லேபிளை அச்சடிக்கும் அச்சகத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். ஃபோக்ரா 39 (ஐரோப்பிய ஆஃப்செட் அச்சுக்கானது) என்றார்கள். இரண்டு நிமிடப் பேச்சு, அதுவரை எனக்கு வீணாய்ப் போன வினைலைக் கணக்கிட்டால் ரொம்ப மலிவு. ஒன்று மட்டும் கவனம்: ஃபைலில் புரொஃபைலை 'அசைன்' செய்தால் எண்கள் அப்படியே இருக்கும், அர்த்தம் மட்டும் மாறும். 'கன்வர்ட்' செய்தால் எண்களே மாறிவிடும். என் கடைத் தம்பி ஒருமுறை நல்ல எண்ணத்தில் கன்வர்ட் செய்து வைத்துவிட்டான். தூய மஞ்சளாக இருந்த பின்னணியில் நான்கு மையும் கலந்து கிடந்தது. பழைய ஃபைல் இருந்ததால் பிழைத்தோம்.

அவுட்புட் புரொஃபைல்தான் உழைப்பு. அளக்கும் கருவி, அதாவது ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், நான் விசாரித்தபோது புதிதாக வாங்கினால் லட்ச ரூபாய்க்கு மேல். முதல் வருடம் ஒருவரை ஒரு நாள் கூலிக்குக் கருவியோடு வரவழைத்தேன், இரண்டாம் வருடம் பழையது ஒன்று வாங்கினேன். வரிசை மாறக்கூடாது என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நாசில் (மை பீச்சும் துளை) செக் அடித்து ஒரு கோடும் விடுபடவில்லை என்று பார்க்க வேண்டும். அடுத்து, துளைகள் இருக்கும் ஹெட்டின் அலைன்மென்ட், மீடியா (அச்சாகும் வினைலோ ஃப்ளெக்ஸோ) நகரும் அளவு. அப்புறம்தான் மை. ஒவ்வொரு மையையும் 0-விலிருந்து 100 வரை படிப்படியாக அடித்துப் பார்த்தால், ஒரு கட்டத்துக்கு மேல் மை கூடும், நிறம் கூடாது. நனைந்து பளபளக்கும், ஓரம் கசியும். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். பிறகு லீனியரைசேஷன் (எண் கூடக் கூட நிறமும் சீராகக் கூடும்படி சரிசெய்வது), அதன் பிறகு நான்கு மையும் சேர்ந்து எவ்வளவு என்ற மொத்த வரம்பு. கணக்குப்படி 400 சதவீதம் வரை போகலாம். என் பளபள வினைல் 270-ஐத் தாண்டினால் விரலில் ஒட்டுகிறது. ஃப்ளெக்ஸ் அதைவிடக் குறைவாகத்தான் தாங்குகிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் நூற்றுக்கணக்கான சின்னக் கட்டங்கள் கொண்ட சார்ட்டை அடிப்பது, அதை அளந்துதான் புரொஃபைல் உருவாகிறது. ஆனால் உடனே அளக்கக்கூடாது. ஈகோ சால்வென்ட் மை தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே சால்வென்ட் மெதுவாகத்தான் வெளியேறும். ஒரே சார்ட்டை அடித்த கால் மணியிலும் மறுநாள் காலையிலும் அளந்து பார்த்தேன். அடர்ந்த கட்டங்களில் எண்கள் நகர்ந்திருந்தன. அன்றிலிருந்து சார்ட் ஒரு ராத்திரி காய்கிறது. லேமினேஷன் போடும் வேலைகளையும் ஒரு நாள் விட்டுத்தான் தொடுகிறேன். மேட் லேமினேஷன் கருப்பை வெளுக்க வைக்கும் என்பதால் வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரியிலும் அதைப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு மீடியா, ஒரு ரெசல்யூஷன், ஒரு பாஸ் (ஹெட் ஒரே இடத்தைக் கடக்கும் தடவை) எண்ணிக்கைக்கு ஒரு புரொஃபைல். எட்டு பாஸில் செய்ததை நான்கு பாஸில் பயன்படுத்தினால் பழைய கதைதான். இன்று என்னிடம் ஐந்து புரொஃபைல் இருக்கின்றன, அவற்றை வைத்தே பெரும்பாலான வேலை ஓடுகிறது. ஃப்ளெக்ஸ் மட்டும் தலைவலி. மலிவு ரோல்கள் ஒரு லோடுக்கு ஒரு லோடு வெள்ளையே மாறும், சிலது நீலம் பூத்த வெள்ளை. மூன்று நாள் வெயிலில் நிற்கும் பேனருக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் முகம் இருக்கும் பேனர் என்றால் அப்போதும் புரொஃபைல் வழியாகத்தான் அனுப்புகிறேன். நம் ஊர் மாநிறம் மெஜந்தா கொஞ்சம் ஏறினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ரெண்டரிங் இன்டென்ட், அதாவது தாளின் வெள்ளையையும் மெஷின் எட்டாத நிறங்களையும் எப்படி மொழிபெயர்ப்பது என்ற தேர்வு பற்றி நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். சிவகாசியில் வரப்போகும் அச்சுக்கு மாதிரி அடிக்கிறேன் என்றால் அப்சலூட் கலரிமெட்ரிக். அந்தத் தாளின் வெள்ளையையும் அது நடித்துக் காட்டும், வெற்றிடத்திலும் லேசாக மஞ்சளோ சாம்பலோ தூவும். அதைக் கறை என்று நினைத்துப் பயப்படக்கூடாது. கடைக்கு மாட்டப்போகும் போர்டு என்றால் ரிலேட்டிவ், அது வெள்ளையை என் மீடியாவின் வெள்ளையாகவே விட்டுவிடும். புகைப்படங்கள் நிறைந்த வேலைக்கு மட்டும், எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்சுவலை முயன்று பார்க்கிறேன்.

கருப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். புரொஃபைல் வழியாகப் போகும்போது கருப்பு 100 என்று இருக்கும் எழுத்தையும் ரிப் நான்கு மையாக மாற்றிவிடும். லேபிளில் பார்கோடு இருந்தது. கோடுகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் மயிரிழையாக எட்டிப் பார்த்தன, ஸ்கேனர் படிக்க மறுத்தது. தூய கருப்பை அப்படியே வை என்று ரிப்பிலேயே ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டதும் சரியானது. பேனரின் பெரிய கருப்புப் பின்னணிக்கு இது நேர் எதிர். கருப்பு 100 மட்டும் என்றால் கரும்பலகைச் சாம்பலாகத் தெரியும், சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 அடியில் சேர்த்தால்தான் கருகருவென்று நிற்கும்.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென்று சில. சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் மெஷினை ஓட்டினேன், நாசில் அடிக்கடி அடைத்தது. இப்போது அறையை 24, 25 டிகிரியில் வைக்கிறேன். மார்கழிக் காலையில் மை காயத் தாமதமாகும், அதனால் ஹீட்டரைப் போட்டு அரை மணி விட்டு ஆரம்பிப்பது வழக்கம். கரன்ட் போகும்போது ஹெட் மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் நின்றுவிட்டால் மை காய்ந்து ஒட்டும். யுபிஎஸ் வாங்காமல் இந்த மெஷினை வாங்காதீர்கள். திங்கள்கிழமை தோறும் ஃபோக்ராவின் 72 கட்டச் சோதனைப் பட்டையை அடித்து அளக்கிறேன். சராசரி டெல்டா ஈ (நிறம் விலகிய அளவு) 2-க்குள் இருந்தால் வேலை தொடங்கும். 3-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஏதோ நாசில் போயிருக்கும், இல்லையென்றால் லீனியரைசேஷனை மட்டும் மறுபடி செய்தால் போதும். முழுப் புரொஃபைலைத் திரும்பச் செய்யும் நிலை இரண்டே தடவைதான் வந்தது.

மறுவருடம் அந்த அண்ணன் சிவகாசியில் அச்சான லேபிள் தாளையே கொண்டுவந்தார். என் மாதிரியைப் பக்கத்தில் வைத்து, கடைக்குள் மாட்டியிருக்கும், பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் விளக்கின் கீழ் பார்த்தோம், பிறகு வாசல் வெளிச்சத்திலும் பார்த்தோம். அவர் இரண்டையும் கையில் மாற்றி மாற்றிப் பிடித்து, "எதுப்பா உன்னுது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னும் முழுதாகப் பிடிபடாதது நீலம். மானிட்டரில் ஜொலிக்கும் மயில் நீலத்தை நான்கு மை எட்டாது. சயான் 100, மெஜந்தா 100 என்று டிசைனர் வைத்தால் கத்தரிப்பூ நிறம்தான் வரும், மெஜந்தாவை நன்றாகக் குறைத்தால் கொஞ்சம் தேறும். இதற்காக என் வினைலிலேயே சயானையும் மெஜந்தாவையும் படிப்படியாக மாற்றி இருபது நீலச் சதுரங்கள் அடித்து, எண் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆடிக் கிருத்திகைக்கு முருகன் பேனர் கேட்டு வருகிறவர்களை மானிட்டர் பக்கம் விடுவதில்லை, நேராகச் சுவருக்குக் கூட்டிப்போகிறேன். போன தடவை வந்த கோயில்காரர்கள் நாலு பேர் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்று பேசிவிட்டு, ஏழாம் எண்ணைக் கேட்டார்கள்.