வைப்போ சீக்வென்ஸ் மென்பொருள்: ‘பிழை இல்லை’ என்றாலும் நம்பிவிடாதீர்கள்

மருந்து, உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்களுக்குக் காப்புரிமை எழுதும் வழக்கறிஞர் தவிர்க்கவே முடியாத மென்பொருள் இது. விண்ணப்பத்தில் டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரத வரிசைகள் இருந்தால் 2022 ஜூலை 1 முதல் அவற்றின் பட்டியலை எஸ்டி.26 என்ற சர்வதேசத் தரத்தில் எக்ஸ்எம்எல் கோப்பாகக் கொடுத்தாக வேண்டும். அதைத் தயாரிக்க உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ இந்த மென்பொருளை இலவசமாகத் தருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சொந்தக் கணினியிலேயே வேலை நடப்பதால் வெளியிடாத வரிசைகளை எந்தத் தளத்திலும் ஏற்ற வேண்டியதில்லை. கட்சிக்காரர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

வரிசைகளைச் சேமிக்கும் உரைவடிவமான ஃபாஸ்டா கோப்பை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். எஸ்டி.26-க்கு முந்தைய தரமான எஸ்டி.25-இன் உரைக்கோப்பையும் படிக்கும். வேலை முடிந்ததும் சோதனை அறிக்கை ஒன்று தரும். அறிக்கை சுத்தமாக வந்தால் எல்லாம் சரி என்று நினைப்பதில்தான் வினை. அது இலக்கணத்தைப் பார்க்கிறதே தவிர, மூலக்கூறைப் பார்ப்பதில்லை.

மரபணுவை அடக்கும் குட்டி ஆர்என்ஏவான எஸ்ஐஆர்என்ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். 19 ஆர்என்ஏ எழுத்துகள், வால்பகுதியில் 2 டிஎன்ஏ தைமின்கள். எஸ்டி.26-இல் யுராசிலுக்கான ‘யு’ எழுத்தே கிடையாது. ஆர்என்ஏ என்று குறித்தால் ‘டி’ என்பதே யுராசில். ஆகவே முழு வரிசையையும் ஆர்என்ஏ என்று போட்டால் வாலில் உள்ள தைமின் யுராசிலாகிவிடும். மென்பொருள் வாயைத் திறக்காது. இரண்டும் கலந்திருந்தால் மூலக்கூறு வகை டிஎன்ஏ, உயிரினம் ‘சிந்தெடிக் கன்ஸ்ட்ரக்ட்’. எந்தத் துண்டு ஆர்என்ஏ, எது டிஎன்ஏ என்று தனித்தனிக் குறிப்பும் வேண்டும்.

நீள விதியில் மட்டும் கறாராக இருக்கிறது, அது நல்லதுதான். திட்டவட்டமான 10 நியூக்ளியோடைடு அல்லது 4 அமினோ அமிலம் இல்லாத வரிசை பட்டியலில் வரக்கூடாது. இன்னதென்று திட்டமாகச் சொல்லாத இடத்தில் போடும் ‘என்’, ‘எக்ஸ்’ எழுத்துகள் கணக்கில் சேராது. ஆன்டிபாடி வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி இடிக்கும்: ஐஎம்ஜிடி என்ற எண்ணிடும் முறையில், ஆன்டிபாடியின் லேசான சங்கிலியில் இலக்கோடு ஒட்டும் பகுதிகளில் ஒன்றான சிடிஆர்2-க்குப் பெரும்பாலும் மூன்றே அமினோ அமிலங்கள். பழைய பட்டியலில் இதற்குத் தனி எண் இருந்திருக்கும். அதை நீக்கிவிட்டால் பின்வரும் எண்கள் நகர்ந்து, உரிமைக்கோரல்கள் வேறு வரிசைகளைச் சுட்டும். நீக்காமல், தவிர்க்கப்பட்ட வரிசை என்று குறியுங்கள். அந்த இடத்தில் 000 வரும், எண் அப்படியே நிற்கும். மூன்றெழுத்தைக் கோரலிலேயே நேரடியாக எழுதலாம்.

எஸ்டி.25-இலிருந்து மாற்றும்போதுதான் நிதானம் தேவை. ஐரோப்பாவில், மூல விண்ணப்பம் பழையதானாலும் அதிலிருந்து பிரித்து இப்போது போடும் பிரிவு விண்ணப்பத்துக்கு எஸ்டி.26 கட்டாயம். பழைய தரம் ‘டிஎன்ஏ’ என்பதோடு விட்டுவிடும். புதியது எந்த வகை டிஎன்ஏ என்று கேட்கும். மூலத்தில் சொல்லாதபோது ‘ஜீனோமிக்’ என்று தேர்ந்தெடுத்தால் புதுச்செய்தி சேர்த்த குற்றச்சாட்டுக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். இயற்கை வரிசைக்கு ‘அன்அசைன்ட் டிஎன்ஏ’, செயற்கை வரிசைக்கு ‘அதர் டிஎன்ஏ’ என்பதே பத்திரம்.

ஒரு சௌகரியம்: பிசிடி எனும் சர்வதேச விண்ணப்பத்தில் இந்த எக்ஸ்எம்எல் பட்டியலுக்குப் பக்கக் கட்டணம் கிடையாது. எக்ஸ்எம்எல்லோடு நிறுத்திக்கொள்ளாமல் புராஜெக்ட் ஜிப் கோப்பையும் சேமித்து வையுங்கள். திருத்தச் சொல்லி அலுவலகக் கடிதம் வரும்போது அதில்தான் வேலை சுலபம்.