ரோம் ட்ராத்தோரியாவில் இரண்டு பேருக்கு 177 யூரோ: பில்லைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

இடம் ரோமின் த்ரஸ்தேவெரே பகுதிப் பக்கம், கட்டம் போட்ட மேஜைவிரிப்பும் கையால் எழுதிய பலகையுமாக ஒரு சின்ன ட்ராத்தோரியா, அதாவது எளிய இத்தாலிய உணவகம். ஜூலை மாதம், இரண்டு பேர், இரவுச் சாப்பாடு. பில்: கார்பொனாரா (முட்டையும் சீஸும் சேர்த்த பாஸ்தா) இரண்டு 26 யூரோ, பொரித்த ஆர்ட்டிசோக் (இதழ் இதழாக இருக்கும் ஒரு காய்) இரண்டு 14, ஸ்பிகோலா மீன் 96, அரை லிட்டர் ஹவுஸ் ஒயின் 8, தண்ணீர் 4, கொபெர்தோ 6, அதன்மேல் செர்விசியோ, அதாவது சேவைக் கட்டணம், 15 சதவீதம். மொத்தம் 177.10.

பெரிய அடி மீனில்தான். மெனுவில் 8 யூரோ என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'எத்தோ' என்றிருந்தது. அதாவது 100 கிராமுக்கு 8. கடைக்காரர்கள் 1.2 கிலோ மீனாகப் பார்த்து அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பேருக்கு 600, 700 கிராம் முழு மீனே தாராளம். பச்சை மீனின் எடைக்குத்தான் கணக்கு. அதனால் சமைப்பதற்கு முன்பே மீனை மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லி, எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். மெனுவில் அச்சடித்திருந்ததால் இந்த 96-இல் ஒரு பைசா குறையவில்லை.

கொபெர்தோ என்பது மேஜையில் உட்காருவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் காசு. இத்தாலியின் மற்ற ஊர்களில் சகஜம்தான், ஆனால் ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது. ரொட்டிக்கும் செர்விசியோவுக்கும் வாங்கலாம், மெனுவில் எழுதியிருந்தால். இங்கே செர்விசியோவை எழுதவில்லை. கொபெர்தோ, செர்விசியோ இரண்டையும் எடுக்கச் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள், 29.10 குறைந்தது.

சாப்பாடாவது உருப்படியா? கார்பொனாரா ஐந்தே நிமிடத்தில் வந்தது. உலர்ந்த ரிகத்தோனி (குழாய் வடிவப் பாஸ்தா) வேகவே பத்துப் பன்னிரண்டு நிமிடமாகும். முன்பே வேகவைத்ததைச் சூடுகாட்டித் தருகிறார்கள். தட்டின் அடியில் வெள்ளையாகத் தேங்கியிருந்தால் அது க்ரீம். முட்டை மஞ்சள் கரு, பெக்கொரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர் மட்டும் சேர்ந்தால் மஞ்சளாகப் பாஸ்தாவைப் பற்றிக்கொண்டு நிற்கும். சூடு கொஞ்சம் கூடினாலும் முட்டை பொடிமாஸாகிவிடும். அந்தக் கைப்பக்குவம் இல்லாத கடைகள் க்ரீமை ஊற்றித் தப்பிக்கின்றன. இதில் சேர்க்கும் இறைச்சியில் புகை வாசம் அடித்தால் அது பன்றிக் கன்னத்தைப் பதப்படுத்திச் செய்யும் குவாஞ்சாலே இல்லை, சாதா பேக்கன்.

ஜூலையில் ஆர்ட்டிசோக் கேட்பதே வீண். ரோமில் அதன் பருவம் ஏறக்குறைய பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. முழுசாக இரண்டு தடவை பொரித்து, இதழ்கள் விரிந்து மொறுமொறுவென்று இருக்க வேண்டியது, இங்கே எண்ணெய் குடித்துத் துவண்டு கிடந்தது. மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் உறைய வைத்த சரக்கு என்று பக்கத்தின் அடியில் விளக்கியிருப்பார்கள்.

கையால் கிறுக்கிய துண்டுச்சீட்டை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். கடையின் வரி எண், தேதி, ஒவ்வொரு அயிட்டத்தின் விலையோடு அச்சடித்த ரசீதைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் நிதிக் காவல்துறையான குவார்தியா தி ஃபினான்சாவின் எண் 117.